நீலகிரியிலிருந்து மெட்டீரியல்ஸ் சயின்ஸ் மேற்படிப்பு: கேட் தாள் முதல் சேர்க்கை நாள் வரை

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கத்தில் பி.இ. மெக்கானிக்கலோ, எம்.எஸ்சி. இயற்பியல், வேதியியலோ படித்துவிட்டு, மெட்டீரியல்ஸ் சயின்ஸ் அண்ட் இன்ஜினியரிங்கில் எம்.டெக். அல்லது பிஎச்.டி. சேர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொடைக்கானல்காரர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்; கோவை என்று வரும் இடத்தில் மதுரை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் படிப்புக்கு நடைமுறையே வேறு என்பதால் அதை இங்கே எடுக்கவில்லை.

மார்க் இருந்தும் சீட் கைநழுவுவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான். கேட் என்ற தேசிய நுழைவுத் தேர்வில் தவறான தாளை எழுதியிருப்பார்கள், ஓபிசி சான்றிதழ் செல்லாததாக இருக்கும், அல்லது கவுன்சலிங் போர்டலில் உரிய நேரத்தில் பட்டனை அழுத்தியிருக்க மாட்டார்கள். எதற்கும் பெரிய செலவில்லை. முன்கூட்டியே தெரிந்திருந்தால் போதும்.

1. எந்தப் படிப்பு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

எம்.டெக். இரண்டு வருடம், முதல் வருடம் பாடங்கள், இரண்டாம் வருடம் புராஜெக்ட். வேலைக்குப் போக நினைப்பவருக்கு இது நேர்வழி. ஐஐடி மெட்ராஸ் போன்ற இடங்களில் இருக்கும் எம்.எஸ். ஆராய்ச்சிப் படிப்பில் பாடம் குறைவு, ஆய்வகம் அதிகம். முடிக்க மூன்று வருடம் வரைகூட ஆகலாம். அதற்கு நேர்காணல் உண்டு. கேட் ஸ்கோர் சுமாராக இருந்தும் அடிப்படை உறுதியாக இருப்பவருக்கு எம்.எஸ்.தான் நல்ல வாய்ப்பு என்பது என் கருத்து. எம்.எஸ்சி. முடித்தவர்கள் பல இடங்களில் நேரடியாகவே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம்.

துறையின் பெயர் இடத்துக்கு இடம் மாறும். ஐஐடி மெட்ராஸில் அது மெட்டலர்ஜிக்கல் அண்ட் மெட்டீரியல்ஸ் இன்ஜினியரிங். பெங்களூரு ஐஐஎஸ்சியில் மெட்டீரியல்ஸ் இன்ஜினியரிங். திருச்சி, சூரத்கல், வாரங்கல் என்ஐடிகளிலும் மெட்டலர்ஜி (உலோகவியல்) துறைக்குள்தான் தேட வேண்டும். 'மெட்டீரியல்ஸ் சயின்ஸ்' என்று மட்டும் தேடினால் பாதி இடங்கள் கண்ணில் படாது. மலையிலிருந்து கிட்டத்தில் படிக்க விரும்பினால் கோவை பிஎஸ்ஜி டெக்கில் மெட்டலர்ஜி துறை இருக்கிறது. பேட்டரி, அரிமானம் என்று மின்வேதியியல் பக்கம் மனம் போனால் காரைக்குடி செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்). அங்கே சிஎஸ்ஐஆர் ஆய்வகங்களுக்குப் பட்டம் வழங்கும் ஏசிஎஸ்ஐஆர் வழியாக ஆண்டுக்கு இருமுறை, ஜனவரி, ஆகஸ்ட் பருவங்களுக்கு, பிஎச்.டி. சேர்க்கை நடக்கிறது.

வெறும் பி.எஸ்சி.யை வைத்துக்கொண்டு எம்.டெக்.குக்கு முயல்பவர்களும் இருக்கிறார்கள். மூன்றாண்டு பி.எஸ்சி. அதற்குப் போதாது. எம்.எஸ்சி. முடித்துவிட்டு வாருங்கள்.

2. கேட் தாள்: எம்.டி.யா, எக்ஸ்.இ.யா, சொந்தத் துறையா?

நிதானமாக யோசிக்க வேண்டிய படி இது.

எம்.டி. என்பது மெட்டலர்ஜி தாள். தாதுவைப் பிரிப்பது, உருக்கி எடுப்பது, வார்ப்பு, வெல்டிங் எல்லாம் அதில் வரும். பி.இ. மெட்டலர்ஜி படித்தவருக்கு அது சொந்த வீடு. மற்றவர்கள் தாதுச் செயல்முறையைப் புதிதாகப் படிக்க மட்டும் இரண்டு மாதம் ஒதுக்க வேண்டியிருக்கும்.

எக்ஸ்.இ. என்பது இன்ஜினியரிங் சயின்ஸஸ். அதில் பொது அறிவுத்திறன் 15 மார்க், கணிதம் 15 மார்க். இரண்டும் எல்லோருக்கும் கட்டாயம். பிறகு விருப்பப் பகுதிகளில் இரண்டு, தலா 35 மார்க். மெட்டீரியல்ஸ் சயின்ஸ் 'சி' பகுதி, அதை எடுத்துவிடுங்கள். இரண்டாவதாக, இயற்பியல்காரர்கள் வெப்ப இயக்கவியலையும், வேதியியல்காரர்கள் பாலிமர் பகுதியையும், மெக்கானிக்கல்காரர்கள் சாலிட் மெக்கானிக்ஸையும் எடுத்தால் புதிதாகப் படிக்க வேண்டியது குறையும். கணிதம் 15 மார்க்தானே என்று விட்டுவிடாதீர்கள்; எம்.எஸ்சி. வேதியியல் மாணவர்கள் சறுக்குவது அங்கேதான்.

மூன்றாவது வழி, மெக்கானிக்கல், இயற்பியல், வேதியியல் என்று சொந்தத் துறைத் தாளையே எழுதுவது. சில துறைகள் அதை ஏற்கும், சில ஏற்காது. எனவே தாளை முடிவு செய்வதற்கு முன் நீங்கள் சேர விரும்பும் ஐந்தாறு இடங்களின் தகுதிப் பட்டியலைத் திறந்து வையுங்கள். எந்தப் பட்டம், எந்தத் தாள் என்று இரண்டு பத்தி இருக்கும். இரண்டிலும் நீங்கள் பொருந்த வேண்டும். 'எம்.எஸ்சி. இயற்பியல் தகுதி' என்று போட்டிருக்கும் இடத்திலேயே இயற்பியல் தாளை ஏற்காமல் இருப்பதுண்டு.

இரண்டு தாள் எழுதலாம். ஆனால் அனுமதிக்கப்பட்ட ஜோடிகளில் மட்டும், ஒரே விண்ணப்பத்தில். இரண்டு தனி விண்ணப்பம் போட்டால் சிக்கல். கட்டணமும் இரண்டு தாளுக்கு உண்டு.

3. ஜூலையில்: பெயரைச் சரிசெய்யுங்கள்

நம் ஊரில் பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டில் இன்ஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் பின்னால் விரிந்திருக்கும், வங்கிக் கணக்கில் இன்ஷியலே இருக்காது. கேட் விண்ணப்பத்தில் கொடுக்கும் பெயர், தேர்வு மையத்தில் காட்டும் அடையாள அட்டையோடு ஒத்துப்போக வேண்டும். பிறகு சேர்க்கையின்போது பட்டச் சான்றிதழோடும், உதவித்தொகை வரும்போது ஆதாரோடும் ஒத்துப்போக வேண்டும்.

எளிய வழி: பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டை அடிப்படையாக வைத்து ஆதாரை அதற்கேற்ப மாற்றிவிடுங்கள். பட்டச் சான்றிதழைத் திருத்துவதைவிட ஆதாரைத் திருத்துவது பல மடங்கு சுலபம். திருத்தம் முடிந்த பிறகே கேட் விண்ணப்பத்தைத் திறக்கவும். ஆதாரில் இருக்கும் செல்போன் எண் உங்களிடம் இப்போது இருக்கிறதா என்பதையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள். ஓடிபி வராத எண்ணை வைத்துக்கொண்டு அடுத்த ஒரு வருடத்தை ஓட்ட முடியாது.

4. ஆகஸ்ட் இறுதி முதல் செப்டம்பர் வரை: கேட் விண்ணப்பம்

விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட் கடைசியில் திறந்து செப்டம்பர் கடைசியில் மூடும். தாமதக் கட்டணத்தோடு இன்னும் சில நாள் நீளும். 2026 கேட் தேர்வுக்கு ஒரு தாளுக்கு 2,000 ரூபாய். பெண்கள், எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 1,000 ரூபாய். தாமதமானால் 500 ரூபாய் கூடுதல். ஓபிசிக்குக் கட்டணச் சலுகை கிடையாது. எனவே ஓபிசி சான்றிதழை இந்தக் கட்டத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். பிரிவை மட்டும் சரியாகத் தேர்ந்தெடுங்கள். எஸ்சி, எஸ்டி பிரிவினர் சலுகைக் கட்டணத்துக்குச் சான்றிதழை இப்போதே ஏற்ற வேண்டும்.

இளநிலையில் மூன்றாம் ஆண்டு படிப்பவரே கேட் எழுதலாம். ஸ்கோர் முடிவு வந்த நாளிலிருந்து மூன்று வருடம் செல்லும். ஆகவே எம்.எஸ்சி. முதலாண்டில் ஒருமுறை எழுதிப் பார்ப்பது வீணில்லை. ஸ்கோர் நன்றாக வந்துவிட்டால் கடைசி வருடத்தில் அந்தப் பதற்றமே இல்லை.

கடைசி வாரம் வரை தள்ளிப்போடாதீர்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் செப்டம்பரிலும் மழை விட்டபாடிருக்காது. ஒரு மரம் விழுந்தால் மின்சாரமும் நெட்டும் சேர்ந்தே போகும். போட்டோ, கையெழுத்து, சான்றிதழ் எல்லாவற்றையும் கேட்ட அளவில் சுருக்கி ஒரே ஃபோல்டரில் முதல் வாரமே வைத்துவிடுங்கள். போட்டோ வெள்ளைப் பின்னணியில், சமீபத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். செல்போனில் எடுத்து ஆப்பில் பின்னணியை அழித்த படங்கள் திருப்பி அனுப்பப்படுவது வாடிக்கை. ஸ்டூடியோவில் எடுத்துவிடுங்கள். விண்ணப்பத்தில் குறை என்று மின்னஞ்சல் வந்தால் திருத்தக் குறைந்த நாட்களே தருவார்கள். ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள்.

தேர்வு நகரமாகக் கோவையை முதலில் போடுங்கள். கூடலூர், பந்தலூர்காரர்களுக்குக் கோழிக்கோடும் நல்ல தேர்வு.

5. பிப்ரவரி: தேர்வு நாள்

தேர்வு வழக்கமாகப் பிப்ரவரியில் இரண்டு வார இறுதிகளில், காலை 9.30 அல்லது மதியம் 2.30 மணிக்கு. மூன்று மணி நேரம், 65 கேள்விகள். காலைத் தேர்வு என்றால் முந்தின நாளே இறங்கிவிடுங்கள். அதிகாலையில் உறைபனி, பர்லியாருக்குக் கீழே யானை, மேட்டுப்பாளையத்தில் டிராஃபிக் என்று எது வேண்டுமானாலும் நடக்கலாம். இன்னொன்று: ஹால் டிக்கெட்டில் கோவை என்று இருந்தாலும் மையம் ஊருக்கு வெளியே இருபது கிலோமீட்டர் தள்ளி ஏதாவது இன்ஜினியரிங் கல்லூரியாக இருக்கலாம். ரூம் எடுக்கும்முன் மேப்பில் பாருங்கள்.

கையில் கால்குலேட்டர் கொண்டுபோக முடியாது. திரையில் வரும் கால்குலேட்டரை மவுஸால் அழுத்த வேண்டும். விடையான எண்ணையும் திரையில் உள்ள எண்பலகையில்தான் தட்ட வேண்டும். பழகாதவருக்கு இது தேர்வில் கணிசமான நேரத்தைத் தின்றுவிடும். டிசம்பரிலிருந்தே மாதிரிக் கணக்குகளை அதில் போட்டுப் பழகுங்கள். நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி தப்பினால் மூன்றில் ஒரு பங்கு மார்க் கழியும். எண் விடைக்கும், பல விடை சரியாக இருக்கக்கூடிய கேள்விக்கும் கழிவு இல்லை; அவற்றைக் காலியாக விடாதீர்கள்.

முடிவு மார்ச்சில் வரும். ஸ்கோர் கார்டை மே 31-க்குள் இறக்கிக்கொள்ளுங்கள். அதுவரை இலவசம், பிறகு 500 ரூபாய். சேர்க்கை இல்லாவிட்டாலும் இறக்கி வையுங்கள், அடுத்த வருடம் தேவைப்படும்.

6. ஏப்ரல் முதல் வாரம்: சான்றிதழ்கள்

மலைமாவட்டத்து மாணவர்கள் அதிகம் சிக்குவது இங்கே.

பிசி, எம்பிசி என்று தமிழ்நாடு அரசு தந்த நிரந்தரச் சாதிச் சான்றிதழ் ஐஐடி, என்ஐடி, ஐஐஎஸ்சி எதற்கும் போதாது. மத்திய அரசு வடிவத்தில், கிரீமி லேயரில் (ஒதுக்கீடு கிடைக்காத வசதியான பிரிவில்) வராதவர் என்று குறிப்பிட்ட ஓபிசி சான்றிதழ் வேண்டும். அதுவும் அந்த வருடம் ஏப்ரல் 1-க்குப் பிறகு வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். மார்ச்சில் முன்ஜாக்கிரதையாக வாங்கிவிட்டால் அது பழைய நிதியாண்டுக் கணக்கு. கவுன்சலிங்கில் பொதுப்பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள்.

இ-சேவை மையத்தில் வெறுமனே "சாதிச் சான்றிதழ் வேண்டும்" என்று சொன்னால் மாநிலச் சான்றிதழைத்தான் போடுவார்கள். "மத்திய அரசு ஓபிசி" என்று சொல்லிக் கேளுங்கள். கட்டணம் 60 ரூபாய். உங்கள் கேன் எண் (இ-சேவைப் பதிவு எண்), ஏற்கெனவே உள்ள சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதார், பெற்றோரின் சம்பளச் சான்று அல்லது வருமான வரிக் கணக்கு இவற்றோடு போங்கள். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று நகரும். போட்டுவிட்டு வீட்டில் உட்காராமல் விஏஓவை நேரில் பார்த்து, எதற்காக, எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று சொல்லிவிட்டு வாருங்கள். தேர்தல் வேலை வந்துவிட்டால் வரிசை நீளும்.

கிரீமி லேயர் வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய். தொடர்ந்து மூன்று ஆண்டு அதற்கு மேல் போனால்தான் விலக்கு. இந்தக் கணக்கில் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்க்கக் கூடாது. ஆனால் தேயிலை, காபி, ரப்பர் தோட்டத்துக்கு விதியே தனி. 1993-ஆம் ஆண்டு மத்திய அரசு ஆணையில் அவை விவசாய நிலத்தோடு சேர்க்கப்படாமல், வருமான வரம்புக்கு உட்பட்டவையாகத் தனியே வைக்கப்பட்டுள்ளன. அதாவது கேரட், உருளைக்கிழங்கு போட்டுச் சம்பாதித்தது கணக்கில் வராது. பச்சைத் தேயிலை போட்ட பணம் வரும். ஓரிரு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு இதனால் பாதிப்பில்லை. தொழிற்சாலைக்கு இலை போட்ட ரசீதையோ வங்கிப் புத்தகத்தையோ கையில் வைத்திருந்தால் விசாரணை சட்டென்று முடியும். எஸ்டேட்டில் கூலி வாங்கும் பெற்றோருக்கு அது சம்பளம், கணக்கில் சேராது. பெற்றோர் உயர் அரசுப் பதவியில் இருந்தால் விதி வேறு, அங்கே பதவியைத்தான் பார்ப்பார்கள்.

எஸ்டி சான்றிதழ் தாசில்தார் தருவதில்லை. ஊட்டி, குன்னூர், கூடலூர் கோட்டங்களில் எது உங்களுடையதோ அந்தக் கோட்டாட்சியர் தருவது. விசாரணை உண்டு, மாதக்கணக்கில் ஆகலாம். வீட்டில் யாருக்கும் இதுவரை சான்றிதழ் இல்லையென்றால் கேட் எழுதுவதற்கு ஒரு வருடம் முன்பே தொடங்குங்கள். அண்ணன், அக்கா, தந்தை வழி உறவினர் யாருக்காவது ஏற்கெனவே வழங்கப்பட்டிருந்தால் அதன் நகலை இணையுங்கள். அதைவிட வலுவான ஆவணம் வேறில்லை.

கல்லூரி ஆவணங்கள்: எல்லா செமஸ்டர் மார்க்‌ஷீட்டும், புரொவிஷனலும் போதும். கடைசி செமஸ்டர் ரிசல்ட் வராதவர்கள் கல்லூரி முதல்வரிடம் கோர்ஸ் முடித்ததற்கான கடிதம் வாங்கி வையுங்கள். என்ஐடி கவுன்சலிங்குக்குப் பொது, ஓபிசி பிரிவினர் 6.5 சிஜிபிஏ அல்லது 60 விழுக்காடு, எஸ்சி, எஸ்டி பிரிவினர் 6.0 அல்லது 55 விழுக்காடு வைத்திருக்க வேண்டும். மார்க்‌ஷீட்டில் சிஜிபிஏ இருந்தால் சிஜிபிஏவாகவே எழுதுங்கள், நீங்களாகப் பத்தால் பெருக்கி விழுக்காடாக்க வேண்டாம். அரியர் பாக்கி இருப்பவர்கள் அதை முடிக்கும்வரை எந்த இடத்திலும் சேர்க்கை உறுதி இல்லை.

7. மார்ச் முதல் ஜூலை வரை: எங்கெங்கே விண்ணப்பம், எந்தப் பட்டன்

ஐஐடிகளுக்குப் பொது விண்ணப்பம் கிடையாது. ஒவ்வொரு ஐஐடிக்கும் தனித்தனியாக, மார்ச், ஏப்ரலில் விண்ணப்பிக்க வேண்டும். ஐஐஎஸ்சி அதற்கும் முன்பே, கேட் முடிவு வருவதற்குள்ளாகவே திறந்துவிடும். சி.ஓ.ஏ.பி. என்பது விண்ணப்பிக்கும் இடமல்ல. ஐஐடிகள் தரும் சீட் ஆஃபரைப் பார்த்துப் பதில் சொல்லும் இடம். அங்கே பதிவு செய்து கிடைக்கும் எண்ணை ஒவ்வொரு ஐஐடி விண்ணப்பத்திலும் குறிப்பிட வேண்டும். சி.ஓ.ஏ.பி.யில் மட்டும் பதிந்துவிட்டு ஆஃபர் வரும் என்று காத்திருந்தால் எதுவும் வராது.

ஆஃபர் சுற்றுச் சுற்றாக வரும். ஒவ்வொரு சுற்றிலும் மூன்று பட்டன். 'அக்செப்ட் அண்ட் ஃப்ரீஸ்' அழுத்தினால் அந்த சீட்டோடு முடிந்தது. அடுத்த சுற்றுகள் இல்லை. 'ரீட்டெயின் அண்ட் வெயிட்' இப்போதைய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மேலே எதிர்பார்ப்பது. இதை எத்தனை முறை அழுத்தலாம் என்பதற்கு வரம்பு உண்டு, அந்த வருட விதியைப் படித்துக்கொள்ளுங்கள். 'ரிஜெக்ட் அண்ட் வெயிட்' அழுத்தினால் அந்த சீட் திரும்ப வராது. எதையுமே அழுத்தாமல் விட்டாலும் சீட் போய்விடும். பதில் சொல்ல ஒன்றிரண்டு நாளே இருக்கும். சிக்னல் வராத ஊரில் இருந்தால், லாகின் விவரத்தைக் கீழே இருக்கும் நம்பகமான ஒருவரிடம் கொடுத்துவைத்து, எந்த ஆஃபர் வந்தால் எதை அழுத்த வேண்டும் என்று எழுதியும் கொடுத்துவிடுங்கள்.

என்ஐடிகளுக்கு சி.சி.எம்.டி. என்ற தனி கவுன்சலிங். அங்கே பட்டன்கள் ஃப்ரீஸ், ஃப்ளோட், ஸ்லைடு. ஃப்ளோட் என்றால் வேறு கல்லூரியும் சம்மதம். ஸ்லைடு என்றால் அதே கல்லூரிக்குள் வேறு பிரிவு மட்டும். விருப்ப வரிசை போடும்போது கிடைக்காது என்று நினைப்பதையும் மேலே போடுங்கள், அதனால் கீழே உள்ளது போய்விடாது. ஆனால் சேர மனமில்லாத இடத்தைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். இரண்டு கவுன்சலிங்கும் ஒரே காலத்தில் ஓடும் என்பதால் இரண்டிலும் பதிவு செய்து வையுங்கள்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எம்.இ. சேர கேட் ஸ்கோர் இல்லாதவர்களுக்கு சீட்டா பி.ஜி. தேர்வு இருக்கிறது, விண்ணப்ப, தேர்வுத் தேதிகளை அந்த வருட அறிவிப்பில் பாருங்கள். கேட் தாள் சரியாகப் போகவில்லை என்று தோன்றினாலும் தோன்றாவிட்டாலும் இதற்கும் போட்டுவிடுங்கள்.

எம்.எஸ்., பிஎச்.டி. விண்ணப்பத்தில் பரிந்துரையாளர் பெயர் கேட்டால், அவர்களுக்கு ஒரு இணைப்பு தானாகப் போகும். உங்கள் பேராசிரியர் கல்லூரி மின்னஞ்சலைத் திறந்து மாதக்கணக்காகியிருக்கலாம். அவர் தினமும் பார்க்கும் முகவரியைக் கேட்டு வாங்குங்கள். மே விடுமுறைக்கு அவர் ஊருக்குக் கிளம்புமுன் நேரில் பார்த்து, உங்கள் மார்க்‌ஷீட் நகலையும் புராஜெக்ட் சுருக்கத்தையும் கையில் கொடுத்துவிடுங்கள்.

ஆர்வக் கடிதம் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்வார்கள். "சிறு வயதிலிருந்தே அறிவியலில் ஆர்வம்" என்று தொடங்கும் கடிதம் குவியலோடு குவியலாகப் போகும். உங்களைச் சுற்றியே நல்ல கேள்விகள் கிடக்கின்றன. தேயிலைத் தொழிற்சாலையில் சிடிசி (இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும்) இயந்திரத்தின் இரண்டு ரோலர்கள் ஒன்றுக்குப் பத்து என்ற வேக விகிதத்தில் எதிரெதிரே சுற்றி இலையை நறுக்குகின்றன. பற்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சில நாளில் மழுங்கும். திரும்ப லேத்தில் ஏற்றிக் கூர் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் விட்டம் குறையும். ஏன் மழுங்குகிறது? இலையோடு வரும் மணலா, எதிர் ரோலரில் உரசுவதா? கடினப் பூச்சு போட்டால் அது பெயர்ந்து தூளில் கலக்குமா? ஒரு தொழிற்சாலையில் அரைநாள் நின்று, ஃபிட்டரிடம் கேட்டு, இதை நாலு வரியில் எழுதினால் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். நேர்காணலில் அதைப் பற்றியே கேட்பார்கள் என்பதால் தெரியாததை எழுதிவிடாதீர்கள்.

8. நேர்காணல்

எம்.எஸ்., பிஎச்.டி.க்கு எழுத்துத் தேர்வும் நேர்காணலும் இருக்கலாம். பத்துப் பதினைந்து பாடத்தை மேலோட்டமாகப் படிப்பதைவிட, மூன்று பாடத்தைத் தேர்ந்தெடுத்து ஆழமாகப் படியுங்கள். "எந்தப் பாடத்தில் கேட்கலாம்?" என்றுதான் பெரும்பாலும் தொடங்குவார்கள்.

கேள்வி எப்படிப் போகும் என்பதற்கு ஒன்று. 0.4 விழுக்காடு கார்பன் உள்ள எஃகை மெதுவாகக் குளிரவிட்டு 727 டிகிரி செல்சியஸுக்குச் சற்றுக் கீழே நிறுத்தினால் பெர்லைட் எவ்வளவு? லீவர் விதியைப் போடுங்கள் (0.76 என்பது பெர்லைட்டின் கார்பன் அளவு, 0.022 ஃபெர்ரைட்டினுடையது): 0.76-லிருந்து 0.40 போனால் 0.36. அதை 0.76-லிருந்து 0.022 போன 0.738-ஆல் வகுத்தால் 0.49. ஆக, முன்பே உருவான ஃபெர்ரைட் 49 விழுக்காடு, பெர்லைட் 51. இதோடு நிறுத்த மாட்டார்கள். "மொத்த ஃபெர்ரைட் எவ்வளவு?" என்பார்கள். பலர் 49 என்றே திரும்பச் சொல்லி மாட்டிக்கொள்வார்கள். பெர்லைட்டுக்குள்ளும் ஃபெர்ரைட் இருக்கிறதே. இப்போது சிமென்டைட் வரை, அதாவது 6.70 வரை, கோட்டை இழுக்க வேண்டும்: 6.30-ஐ 6.678-ஆல் வகுத்தால் 94 விழுக்காடு. அடுத்த கேள்வி, வேகமாகக் குளிர்வித்தால் இந்தக் கணக்கு ஏன் செல்லாது என்பதாக இருக்கும். விடை: லீவர் விதி சமநிலைக்கு மட்டும், கார்பன் நகர நேரம் கிடைக்காவிட்டால் மார்ட்டன்சைட் வந்துவிடும்.

இன்னொன்று எக்ஸ்-ரே டிஃப்ராக்‌ஷன். தாமிரக் கதிர் 0.15406 நானோமீட்டர், அலுமினியத்தின் செல் நீளம் 0.405. முதல் சிகரம் எங்கே வரும்? 111 தளங்களின் இடைவெளி 0.2338, பிராக் விதியில் போட்டால் 2 தீட்டா சுமார் 38.5 டிகிரி. "ஏன் 100 சிகரம் வரவில்லை?" என்ற துணைக்கேள்விக்கும் விடை வைத்திருங்கள்: எஃப்சிசி (முகமையக் கனசதுர) அமைப்பில் ஒற்றையும் இரட்டையும் கலந்த குறியெண்களில் அலைகள் ஒன்றையொன்று அழித்துவிடும்.

ஊட்டி என்று விண்ணப்பத்தில் பார்த்தால் பேச்சைத் தொடங்க வசதியான கேள்வி ஒன்று இருக்கிறது, தயாராக இருங்கள்: அங்கே தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்? 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சுமார் 77 கிலோபாஸ்கல். கிளாசியஸ்-கிளாப்பிரான் சமன்பாட்டில் ஆவியாதல் வெப்பம் மோலுக்கு 40.7 கிலோஜூல் என்று போட்டால் 92 டிகிரியைச் சற்றுத் தாண்டி வரும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்பதை எல்லோரும் சொல்வார்கள். இந்த மூன்று வரிக் கணக்கைப் பலகையில் போடுபவர் குறைவு.

தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லுங்கள். ஆனால் "தெரியாது, இப்படி யோசித்துப் பார்க்கிறேன்" என்று ஒரு படி முன்னே போங்கள். அவர்கள் பார்க்க விரும்புவது அதைத்தான். ஆங்கிலம் சரளமாக வராவிட்டால் படம் வரைந்து விளக்குங்கள். எந்தப் பேராசிரியரும் அதற்கு மார்க் குறைப்பதில்லை.

ஆன்லைன் நேர்காணல் என்றால் வீட்டு நெட்டை நம்பாதீர்கள். மின்சாரம் போனாலும் ஓடும் யுபிஎஸ், மாற்று சிம்மில் டேட்டா, இரண்டும் இல்லாவிட்டால் கோவையில் தெரிந்தவர் வீட்டுக்கு முந்தின நாளே போய்விடுவது நல்லது. நேரில் என்றால் சென்னைக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவு வண்டி. தேதி தெரிந்த அன்றே டிக்கெட் போடுங்கள், மே மாதத்தில் சுற்றுலாக் கூட்டத்தில் வெயிட்டிங் லிஸ்ட்தான் கிடைக்கும். பெங்களூருக்குக் கூடலூர், முதுமலை வழியாகப் போகிறவர்கள் பந்திப்பூர் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும் என்பதைக் கணக்கில் வைத்துக் கிளம்புங்கள்.

9. பணம்

கேட் தகுதியோடு எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. ஐஐடி, என்ஐடிகளில் அதற்கு வாரம் எட்டு மணி நேரம் ஆய்வகத்திலோ வகுப்பிலோ உதவி வேலை செய்ய வேண்டும். பிஎச்.டி.க்கு 2023 ஜனவரியிலிருந்து, முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, பிறகு 42,000 ரூபாய்.

ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில்) உதவித்தொகை வாங்கும் கல்லூரிகளில் வங்கிக் கணக்கில் ஒரு கண்ணி இருக்கிறது. ஜன்தன் கணக்கு, ஜீரோ பேலன்ஸ் சிறு கணக்கு, அம்மாவோடு சேர்ந்த கூட்டுக் கணக்கு எதுவும் செல்லாது. உங்கள் பெயரில் மட்டும், ஆதார் இணைத்த, சாதாரண சேமிப்புக் கணக்கு வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஸ்காலர்ஷிப்புக்காகத் திறந்த கணக்கை வைத்திருப்பவர்கள் ஜூனிலேயே வங்கிக்குப் போய் அது எந்த வகை என்று கேட்டு மாற்றிவிடுங்கள்.

முதல் தொகை கைக்கு வரச் சில மாதம் ஆகும். ஆனால் சேரும் அன்றே முதல் செமஸ்டர் கட்டணம், காப்புத்தொகை, விடுதி, மெஸ் முன்பணம் எல்லாம் கட்ட வேண்டும். படிப்புக் கட்டணத்தை மட்டும் பார்த்துத் திட்டம் போடாதீர்கள். கட்டண அறிவிப்பில் கடைசி வரியில் இருக்கும் மொத்தத் தொகையைப் பாருங்கள். அதோடு மூன்று மாத மெஸ் செலவைக் கூட்டி, அவ்வளவையும் கையிலோ கல்விக் கடனிலோ உறுதி செய்துகொள்ளுங்கள். கடன் என்றால் ஆஃபர் வந்த வாரமே வங்கிக்குப் போக வேண்டும். எஸ்சி, எஸ்டி மாணவர்கள் சேர்ந்தவுடன் போஸ்ட்மெட்ரிக் உதவித்தொகையையும் விசாரியுங்கள். குடும்ப வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய்.

10. ஜூலை கடைசி: சேரும் நாள்

தென்மேற்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் நேரம் இது. நடுகாணிச் சாலையோ ஊட்டி-கூடலூர் சாலையோ மண்சரிவில் மூடினால் அதற்காக எந்தக் கல்லூரியும் தேதியைத் தள்ளாது. ரெட் அலர்ட் வருகிறது என்றால் இரண்டு நாள் முன்பே இறங்கிவிடுங்கள்.

அசல் சான்றிதழ்களைக் கெட்டியான பிளாஸ்டிக் உறையில் போட்டு, பையின் நடுவில், துணிகளுக்கு இடையே வையுங்கள். டிசி அசல் ஒன்றுதான். கொடுப்பதற்கு முன் மூன்று நகலும் ஸ்கேனும் எடுத்துக்கொள்ளுங்கள். வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறுவதால் மைக்ரேஷன் சான்றிதழ் கேட்பார்கள். பாரதியார் பல்கலைக்கழக மாணவர்கள் கோவையிலேயே வாங்கிவிடலாம். அண்ணா பல்கலைக்கழக மாணவர்கள் கல்லூரி வழியாகச் சென்னைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அன்றைக்குள் கிடைக்காவிட்டால், பிறகு தருகிறேன் என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்துச் சேரலாம். அதில் குறிப்பிடும் கடைசித் தேதி பெரும்பாலும் செப்டம்பர் இறுதி. செல்போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஓபிசி அசல், மருத்துவத் தகுதிச் சான்று, பாஸ்போர்ட் அளவுப் போட்டோ பத்து, வங்கிப் புத்தக நகல், கேட் ஸ்கோர் கார்டு, சீட் ஒதுக்கீட்டு ஆணை ஆகியவையும் இருக்கின்றனவா என்று மேட்டுப்பாளையம் பஸ் ஏறுவதற்கு முன் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஸ்வெட்டர் ஒன்று போதும்.